கிளி எடுத்த மாதா படம்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் சென்றோர் யாவரும் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் அப்பாதையின் ஓரத்தில், துணி விரித்து, அட்டைகளை அடுக்கி, கூண்டுக் கிளியுடன் சோதிடர் அமர்ந்திருப்பார். (நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாறானது என்பதைப் பலர் அறியார்.) நட்சத்திரக் கணக்கையொட்டி அட்டைகள் 27 என்பது மரபு. சில கட்டுகளில் முருகனோடும் இலக்குமியோடும் புத்தரும், குழந்தை இயேசுவை ஏந்திய தேவதாயும் இடம் பெறுவர். எம்மதத்தவர் வந்து அமர்ந்தாலும் மனங்கோணாது அனுப்பும் தொழில் நுணுக்கம் போலும்!

நாம் அறிந்த கத்தோலிக்கத் தாய் ஒருவர், மகளுக்கு வந்த வரன் குறித்து அங்கே சீட்டெடுக்கச் செய்தார். வந்தது மாதா படம்.

"சாமி, நம்ம மாதாவேதான் வந்தாங்க. இதுல என்ன பாவம்?" என்று நம்மிடம் கேட்டார்.

குறி கேட்பதைத் திருச்சபை ஏற்பதில்லை. 1992-இல் வெளியான மறைக்கல்வி நூலின் 2116-ஆம் எண் இதனை ஐயமறக் கூறுகிறது. புனித அகுஸ்தீனாரும் இளமையில் சோதிடத்தை நம்பியவரே. ஒரே கணத்தில் பிறந்த செல்வர் மகனும் அடிமை மகனும் முற்றிலும் வேறான வாழ்வு வாழ்ந்த செய்தி அவர் மயக்கத்தைத் தெளிவித்தது. எனினும், இவற்றையெல்லாம் அவ்வம்மையாரிடம் ஒப்பிப்பதால் பயனில்லை என்று நமக்குத் தோன்றிற்று. அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது சோதிடமன்று, அந்தப் படம்.

மேலை நாடுகளில் டாரட் எனப்படும் 78 சீட்டுகள் உள. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் அவை வெறும் விளையாட்டுச் சீட்டுகள். 18-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில்தான் அவை குறி சொல்லப் பெயர் பெற்றன. வாலண்டின் டோம்பெர்க் என்பார், கத்தோலிக்கராக மாறியவர், 1973-இல் இறந்தவர், அவற்றின் 22 தலைமைப் படங்களைப் பற்றி, அறியாத நண்பருக்கு எழுதும் கடிதங்களாக ஒரு நூல் எழுதினார். தம் பெயரை அதில் இடவில்லை. அதன் செர்மானியப் பதிப்புக்கு இறையியலார் ஹான்ஸ் ஊர்ஸ் ஃபான் பால்தசார் முன்னுரை வழங்கினார். அந்நூலை நம் குடும்பங்களுக்குப் பரிந்துரைக்க நமக்குத் துணிவில்லை. ஆயினும் படத்திடம் வருங்காலத்தைக் கேட்பது வேறு. படத்தின்முன் அமர்ந்து தன்னையே வினவி எழுதுவது வேறு.

ஆகவே, "அம்மா, ஒரு நோட்டு வாங்குங்கள். அப்படத்தைக் கண்டபோது உள்ளத்தில் ஓடியதை இரவுதோறும் எழுதுங்கள். சோதிடர் சொன்னது மட்டும் வேண்டாம்" என்றோம்.

"எனக்கு எழுத்து அவ்வளவா வராதே, சாமி."

"நாம் அதைப் படிக்கப் போவதில்லை."

மூன்று வாரம் கழித்து வந்தார். நோட்டை மடியிலேயே வைத்திருந்தார்; தரவில்லை.

"படத்துல மாதா பிள்ளையப் பார்த்துக்கிட்டு இருக்காங்க, சாமி. முதல் நாலு நாள் வரன் வீட்டப் பத்தித்தான் எழுதினேன். அப்புறம்தான் உறைச்சுது. கிளியக் கேட்ட நான் எம்மகளைக் கேக்கவே இல்ல."

மகள் செவிலியர் படிப்பு முடிய ஓராண்டு தவணை கேட்கிறாளாம். மாப்பிள்ளை வீட்டாரோ இம்மாதமே முடிவு வேண்டுமென்கிறார்கள். என்ன சொல்வதென்று அம்மையார் நம்மைக் கேட்டார். ஞாயிறு பூசைக்குப் பின் மகளையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறோம்.