நான்காம் வரி

தில்லியில் பல சாலைப் பெயர்ப்பலகைகள் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது என நான்கு மொழிகளில் நிற்கின்றன. 2000ஆம் ஆண்டின் தில்லி ஆட்சிமொழிச் சட்டம் பஞ்சாபிக்கும் உருதுவுக்கும் இரண்டாம் ஆட்சிமொழித் தகுதி அளித்தது. அண்மையில் நான் கண்ட பலகையொன்றில், வலமிருந்து இடமாக இணைந்து செல்ல வேண்டிய உருது எழுத்துகள் தனித்தனியே உதிர்ந்து, இடமிருந்து வலமாக அடுக்கப்பட்டிருந்தன. தமிழில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பது போன்றது இது.

இத்தகைய படங்களை நகைப்புக்காகப் பகிர்கிறோம். ஆனால், பலகை நாட்டப்படும்வரை உருது அறிந்த ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை என்பதே இப்பிழை தரும் சான்று. ஆங்கில எழுத்துகள் இவ்வாறு தலைமாறியிருந்தால் பலகையை நட்டவரே கண்டுபிடித்திருப்பார். சட்டம் மொழிக்கு இடமளித்துவிட்டது. அச்சிடுமுன் அம்மொழி படிக்கத் தெரிந்தவர் ஒருவரின் ஒப்புதலையும் கட்டாயமாக்க வேண்டும்.