இறந்தார்க்கு இரவல் உரையா?

தமிழர்களே! நாம் கூட்டும் இரங்கற் கூட்டங்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். "ஈடுசெய்ய இயலாத இழப்பு", "ஆத்மா சாந்தியடைக" என இரண்டே தொடர்கள். எஞ்சியன எல்லாம் பேசுவோர்தம் பெருமை! பெயரை மாற்றினால் எவர்க்கும் பொருந்தும் உரை, இறந்தார்க்கு இழைக்கும் இழிவன்றோ?

இறந்தோர்க்கு இரங்கிப் பாடுதற்கென்றே கையறுநிலை என்னும் துறை கண்ட இனம் இது! அதியமான் நெடுமானஞ்சி மாண்டபொழுது ஔவையார் பாடியதைப் புறநானூற்றின் 235ஆம் பாட்டிற் காண்க. கள் சிறிதே கிடைப்பின் அதனைத் தமக்கே தந்ததையும், மணங்கமழும் கையால் தம் தலையைத் தடவியதையும் அவர் நினைந்து அழுகின்றார். வேறெவர்க்கும் பொருந்தாச் செய்திகள்! அதனாலன்றோ அவன் இன்றும் வாழ்கின்றான்!

பணிநிறைவு மேடையிலும் இதே வறட்சி. பட்டமளிப்பு மேடையிலோ, நிலத்தை விற்றுப் படிக்கவைத்த பெற்றோர்க்கு விளங்காத ஆங்கில முழக்கம்!

பேச எழுவோரே! முதலில் இறந்தாரின் வீட்டுக்குச் செல்லுங்கள். அவர்க்கே உரிய செயலொன்றைக் கேட்டறியுங்கள். அதனை நல்ல தமிழிற் சொல்லி அமருங்கள். இயலாதெனின் வாய்மூடி நில்லுங்கள். அவ்வமைதியேனும் இறந்தார்க்கு உரியதாகட்டும்!