கூடைப்பந்தாட்டச் சந்தையும் மாணவ வீரனும்

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்ரன் நகரில், 79,000க்கு மேற்பட்ட பார்வையாளர் முன்னிலையில் அந்நாட்டின் தேசிய கல்லூரிக் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டம் நடைபெற்றது. கனெக்ரிக்கற் பல்கலைக்கழக அணி 60–54 என்ற புள்ளிகளால் கென்ரக்கிப் பல்கலைக்கழக அணியை வென்றது. வென்ற அணிக்காக 22 புள்ளிகளைப் பெற்ற ஷபாஸ் நேப்பியர், சுற்றுப்போட்டியின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவு செய்யப்பட்டார். அதே சுற்றுப்போட்டிக் காலத்திலேதான், சில இரவுகளில் உணவின்றிப் பசியோடு உறங்கச் செல்வதாக அவர் செய்தியாளரிடம் கூறியிருந்தார்.

முழுப் புலமைப்பரிசில் பெறுபவனுக்குப் பசியா என்று கேட்போர் உளர். புலமைப்பரிசிலோடு உணவுத் திட்டமும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், பயிற்சி முடிந்து உணவுக்கூடம் மூடிய பின்னர் திரும்புபவனுக்கு, கையிற் காசும் இல்லாதவிடத்து, அத்திட்டத்தால் ஆவதென்ன? போட்டிகளை நடத்தும் தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக்கே அவ்வாதத்தில் உறுதி இருக்கவில்லைப் போலும். நெடுநாள் ஆலோசனையில் இருந்ததாகச் சொல்லப்பட்ட உணவுக் கட்டுப்பாட்டு நீக்கம் அதே ஏப்ரலில் நிறைவேறியது. இறுதியாட்டத்துக்குப் பின்னர்தான் ஆலோசனை கனிந்தது!

பணம் இல்லாமையால் நேர்ந்த பசியன்று இது. 2010இல் இச்சுற்றுப்போட்டியின் ஒளிபரப்பு உரிமை 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. தோற்ற கென்ரக்கி அணியின் பயிற்றுநர் ஜோன் கலிபாரியின் ஆண்டு வருமானம் அப்போது 50 இலட்சம் டொலரைத் தாண்டியிருந்தது. சந்தைக்கு வந்த பண்டம் வீரரின் உழைப்பு. அதற்குக் கூலி கேட்பது மட்டும் குற்றம்.

இக்கொடுமைக்கு அரணாக நின்றது ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற சொற்றொடர். கேட்பதற்கு இனிய இச்சொற்றொடர் கல்விக் கூடத்திற் பிறந்ததன்று. நட்டஈட்டு வழக்குகளுக்கு அஞ்சியோரின் அறையிற் பிறந்தது. வீரரை ஊழியரென நீதிமன்றங்கள் கொள்ளக்கூடும் என்ற அச்சத்தால் 1950களில் இது ஆக்கப்பட்டதென, சங்கத்தின் முதல் நிர்வாகப் பணிப்பாளராக இருந்த வோல்ரர் பையர்ஸே பின்னாளில் எழுதினார். 1955இல் கொலராடோவில் கல்லூரி அணிக்காக அமெரிக்க உதைபந்தாட்டம் ஆடி உயிரிழந்த ரே டெனிசனின் மனைவி நட்டஈடு கோரினார். அவன் கல்லூரியின் ஊழியன் அல்லன் என்று 1957இல் அம்மாநில உயர் நீதிமன்றம் கைவிரித்தது. தாம் கட்டியெழுப்பிய அமைப்பையே பையர்ஸ் 1995இற் கண்டித்து நூலெழுதினார். அப்போது அவர் ஓய்வு பெற்று ஆண்டுகள் பல கடந்திருந்தன.

கல்வியே அவர்களுக்குரிய ஊதியம் என்பது எஞ்சியுள்ள வாதம். அதனையும் 2014இன் இறுதியாட்டமே பொய்ப்பித்தது. வெற்றி பெற்ற கனெக்ரிக்கற் அணி, கல்வி முன்னேற்றம் போதாமையால் 2013ஆம் ஆண்டுச் சுற்றுப்போட்டியில் ஆடவே தடை செய்யப்பட்டிருந்தது. கென்ரக்கி அணியில் ஆட்டத்தைத் தொடங்கிய ஐவரும் முதலாம் ஆண்டு மாணவர். அவர்களுள் இருவர் சில மாதங்களில் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றனர். பாடசாலையை விட்டு ஓராண்டு கழியாதவரைத் தொழில்முறைச் சங்கம் சேர்க்காது. அந்த ஓராண்டைக் கழிக்கும் தரிப்பிடமாயிற்றுப் பல்கலைக்கழகம். விரிவுரை மண்டபம் அவர்களுக்கு என்ன கொடுத்தது என்பதை எவரும் கேட்கவில்லை.

அதன் பின் நீதிமன்றங்களே கதவைத் திறந்தன. 2021இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசரும் ஒருமித்துச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். அவ்வாண்டு யூலை முதல் வீரர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு வருவாய் ஈட்ட வழி பிறந்தது. 2025 யூனில் நீதிமன்றம் ஏற்ற இணக்கத் தீர்வு, பல்கலைக்கழகங்கள் வீரருக்கு நேரடியாகப் பணம் வழங்க இடமளித்தது. ஏறத்தாழ 280 கோடி டொலர் பழைய வீரருக்கான ஈடாகவும் ஒதுக்கப்பட்டது. சங்கத்தின் தயாளத்தால் வந்தவையல்ல இவை, வழக்காடிப் பெற்றவை. ஆயினும் அந்த ஈடு 2016இன் நடுப்பகுதி தொட்டு ஆடியோருக்கே உரியது. பசியோடு கிண்ணம் வென்ற 2014இன் அணி அக்கணக்கில் இல்லை.