பொய்க்காற் குதிரைகளும் போர் விளையாட்டுகளும்

சதுரங்கப் பலகையில் நிற்கும் குதிரை உண்பதில்லை, நீர் அருந்துவதில்லை, இலாடம் தேய்ந்து நொண்டுவதுமில்லை. யானை, தேர், புரவி, காலாள் எனும் நால்வகைப் படையின் நிழலாகப் பிறந்த அவ்விளையாட்டு, தன்னை வரலாறு என்று ஒருபோதும் கூறிக்கொண்டதில்லை. எனவே அக்குதிரையிடம் எவரும் கணக்குக் கேட்கவேண்டியதில்லை. போரை உள்ளவாறே காட்டுவதாக உரிமை கொண்டாடும் போர்த்தந்திர விளையாட்டுகளின் நிலையோ வேறு. அவற்றில் நிலப்படம் மெய்யானது. படைப்பிரிவுகளின் பெயர்கள் மெய்யானவை. கவசத்தின் தடிப்பு மில்லிமீற்றர் பிசகாது தரப்படுகின்றது. குதிரை மட்டும் பொய்க்காற் குதிரையாகவே நிற்கின்றது. இப்பொய் சிறியதுமன்று, தீங்கற்றதுமன்று.

இப்பொய்க்கு ஒரு வரலாறு உண்டு. 1780 இல் பிரவுண்ஸ்விக் நகரின் ஹெல்விக் என்னும் கணித ஆசிரியர் சதுரங்கத்தை விரித்து ஒரு போர் விளையாட்டை அமைத்தார். 1824 இல் பிரஷ்யப் படை அதிகாரியான றைஸ்விட்ஸ், தந்தையார் தொடங்கிய முயற்சியை நிறைவுசெய்து, 1:8000 அளவுத்திட்டத்திலமைந்த படத்தின்மீது ஆடப்படும் 'கிரீக்ஸ்பீல்' விதிகளை வெளியிட்டார். ஆட்டத்தின் ஒரு முறை இரண்டு நிமிடத்தைக் குறித்தது. அந்நேரத்துள் காலாள் எவ்வளவு தூரம் செல்வான், புரவி எவ்வளவு தூரம் பாயும் என்பதே கணக்கு. ஒரு பிற்பகற் சமரைப் பயிற்றுவதற்கு அது போதியதாகும். ஏனெனில் ஒரு பிற்பகலில் எக்குதிரையும் பட்டினியாற் சாவதில்லை. தவறு பின்னரே நேர்ந்தது. 1954 இல் அமெரிக்கரான சார்ள்ஸ் றொபேட்ஸ் இவ்வகை விளையாட்டை விற்பனைப் பொருளாக்கினார். பின்னர் கணினி வந்தது. நிலப்படம் கண்டங்களாக விரிந்தது. ஆட்டத்தின் முறை வாரங்களாகவும் மாதங்களாகவும் நீண்டது. குதிரை மட்டும் அந்த இரண்டு நிமிடக் குதிரையாகவே, வேகமன்றி வயிறில்லாத விலங்காகவே நின்றுவிட்டது.

உழைக்கும் குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோகிராம் தீனியும் 30 முதல் 40 லீற்றர் வரையான நீரும் வேண்டும். இந்த ஓர் உண்மையிலிருந்தே பழைய போர்களின் இலக்கணம் முழுவதும் பிறக்கின்றது. நான்கு குதிரைகள் இழுக்கும் வண்டியொன்று 1,500 கிலோகிராம் தானியத்தை ஏற்றிச் செல்வதாகக் கொள்க. அக்குதிரைகள் நாளொன்றுக்கு 40 கிலோகிராமை உண்ணும். பத்து நாள் சென்று பத்து நாள் திரும்புவதாயின் 800 கிலோகிராம் வழியிலேயே தீர்ந்துவிடும்; படைக்குக் கிடைப்பது 700 மட்டுமே. பத்தொன்பது நாட்பயணத் தொலைவில் அவ்வண்டி எதனையும் கொடுக்கமாட்டாது. தன் சுமை முழுவதையும் தானே தின்று தீர்த்துவிடும். நாளொன்றுக்கு 25 கிலோமீற்றர் எனக் கொண்டாலும் இத்தொலைவு 475 கிலோமீற்றரையே எட்டும். நீமன் ஆற்றிலிருந்து மொஸ்கோ நகரம் அதைப்போல் ஏறத்தாழ இருமடங்குத் தொலைவிலுள்ளது.

நெப்போலியன் இதை அறியாதவனல்லன். புல் வளரும் பருவத்தை எதிர்நோக்கியே அவன் 1812 யூன் 24 வரை ஆற்றைக் கடக்காதிருந்தான். எனினும் முதற் சில நாட்களிலேயே கடும்புயலும் முற்றாத பச்சைப் பயிரைத் தின்றமையும் ஏறத்தாழ 10,000 குதிரைகளைக் கொன்றன. 1,500 கிலோகிராம் தாங்கவல்ல பாரவண்டிகள் லித்துவேனியச் சேற்றில் அமிழ்ந்தன. பின்வாங்கியபோது பனிக்கட்டியில் ஊன்றி நடப்பதற்குரிய இலாடம் இன்மையால் எஞ்சிய குதிரைகளும் வழுக்கி வீழ்ந்து மடிந்ததைப் பேரரசனின் குதிரைலாயத் தலைவரான கோலான்கூர் தமது நினைவுக் குறிப்புகளிற் பதிந்துள்ளார். இழுக்கக் குதிரையின்றிப் பீரங்கிகள் கைவிடப்பட்டன. அப்படையெடுப்பை விளக்கி 1869 இல் மினார் வரைந்த புகழ்மிக்க வரைபடங்கூட மனிதர் தொகையையே காட்டுகின்றது. குதிரைகளுக்கு அதில் ஒரு கோடுமில்லை. விளையாட்டு அமைப்போரின் குருட்டுத்தன்மைக்கு முன்னோடி உண்டு என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

புகையிரதமும் இயந்திரமும் வந்தபின் இக்கதை முடிந்தது என்பாருளர். 1914 இல் பெல்ஜியத்தினூடாகப் பிரான்சினுட் புகுந்த குளுக்கின் ஜேர்மன் முதலாம் படையில் 84,000 குதிரைகள் இருந்தன. அவற்றின் தீனி நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் இறாத்தல் என்பதை மார்ட்டின் வான் கிரெவெல்ட் 1977 இல் வெளியிட்ட தமது நூலில் எடுத்துக்காட்டினார். 1941 யூனில் சோவியத் நாட்டின்மீது பாய்ந்த ஹிட்லரின் படையில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கவச டாங்கிகள் இருந்தன என்பதைச் சிறுவரும் அறிவர். அதே படையில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகள் இருந்தன என்பதை அறிந்தவர் எத்தனைபேர்? அப்போர் முழுவதிலும் ஜேர்மன் படை பயன்படுத்திய குதிரைகள் ஏறத்தாழ 27 இலட்சம்.

இந்நிலையில், 2016 இல் வெளிவந்து உலகெங்கும் ஆடப்படும் 'ஹார்ட்ஸ் ஒவ் அயன்' நான்காம் விளையாட்டு செய்வது யாது? அதிற் குதிரைப்படை திரட்ட ஆள் வேண்டும், துப்பாக்கி வேண்டும், குதிரை வேண்டியதில்லை! உற்பத்திப் பட்டியலிற் குதிரை என்றொரு பொருளே கிடையாது. 2021 இல் வந்த விரிவாக்கம் வழங்கல் நிலையங்கள் இயல்பாகக் குதிரைகளாலும், விரும்பினால் லொறிகளாலும் இயங்கும் என விதித்தது. அது முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. ஆனால் லொறிக்கு விலையுண்டு. குதிரைக்கு விலையுமில்லை, தீனியுமில்லை.

குதிரை தின்னாதெனின், அது தின்ற தானியத்துக்கு உரியவனும் இல்லாதொழிகின்றான் என்பதே இதன் உண்மையான கேடு. ஹிட்லரின் படை, கைப்பற்றிய நிலத்தைத் தின்றே முன்னேறவேண்டும் எனத் திட்டமிடப்பட்டது; சோவியத் மக்கள் பட்டினியாற் சாவர் என்பது அறிந்தே வகுக்கப்பட்ட திட்டம் அது. லொறிகள் சேற்றிற் புதைந்தபோது உழவரின் சிறு குதிரைகளும் 'பான்யே' வண்டிகளுமே பறிக்கப்பட்டுப் படைக்கு உதவின. குதிரையை இழந்த உழவனுக்கு அடுத்த பருவத்தில் உழவில்லை, உழவில்லையேல் உணவில்லை. இவ்வளவும் விளையாட்டில் ஒரு பச்சை நிறக் கட்டமாகச் சுருங்கிவிடுகின்றது. கொள்ளை மறைந்து 'வழங்கல்' மட்டும் எஞ்சுகின்றது. போர் என்பது தளபதியின் திறமையும் டாங்கியின் வேகமும் மட்டுமே என்னும் பாடம், போதிக்கப்படாமலே மனத்திற் படிகின்றது.

'விளையாட்டுத்தானே' என்பர். பிரஷ்யப் படைத்தலைமை கிரீக்ஸ்பீலை விளையாட்டாகக் கருதவில்லை; கல்வியாகக் கருதியே தன் அதிகாரிகளிடம் சேர்ப்பித்தது. இன்றும் ஓர் இளைஞன் கிழக்குப் போர்முனையைப் பற்றி முதலில் அறிவது பாடநூலிலன்றி இத்திரையிலேயாயின், திரையும் பாடநூலே. 'கணக்குப் பெருகினால் ஆட்டம் கெடும்' என்பது மற்றொரு வாதம். இத்தாலியப் போர்வீரர் மாப்பண்டம் அவிப்பதற்கான நீரைக்கூடக் கணக்கிட்ட 'வட ஆபிரிக்கப் போர்நடவடிக்கை' என்னும் 1979 ஆம் ஆண்டு விளையாட்டை அவர்கள் சான்று காட்டுவர். அதனை ஆடிமுடிக்க 1,500 மணித்தியாலம் வேண்டும் எனக் கூறப்படுகின்றது. அத்தகைய கணக்கு எவருக்கும் வேண்டாம். மூன்று விதிகள் போதும்: வண்டி செல்லுந் தொலைவுக்கேற்ப அதன் சுமை குறைதல் வேண்டும், புல்லற்ற பருவத்திற் புரவிப்படை தேய்தல் வேண்டும், படை தங்கிய மாவட்டத்தின் விளைச்சலும் மக்கள்தொகையும் அதற்கேற்ப வீழ்ச்சியுறல் வேண்டும். நூற்றுக்கணக்கான துப்பாக்கி வகைகளை நினைவிற் கொள்ளும் கணினிக்கு இது சுமையாகாது. குறை ஆற்றலிலன்று, அக்கறையில்.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாகாது என்பது பழமொழி. நெப்போலியன் நீமனில் இறங்கியது உயிருள்ள குதிரைகளை நம்பியே. அவை உண்ணும் என்பதை அவன் போதிய அளவு எண்ணாததால் அவை மடிந்தன. விளையாட்டு அமைப்போரோ மண்குதிரையைச் செய்து, அதுவே வரலாறு என விற்கின்றனர். அக்குதிரையின் முன் ஒரு பிடி புல்லை வைக்கும்வரை, அப்புல் எவன் வயலிலிருந்து வந்தது என்று கேட்கும்வரை, அவ்விளையாட்டுகள் எத்துணை நுணுக்கமாயினும் போரின் வரலாறாகா. வென்றவன் தனக்குத்தானே கூறிக்கொள்ளும் கதையாகவே அமையும்.