வாக்யூம் பம்ப் இருக்கட்டும், முதல்ல சிலிகானைப் பாருங்க

போன சிம்போசியத்துக்கு எங்க கிளப் ஒரு சின்ன வியாபாரத்தில் இறங்கியது. கல்லூரிச் சின்னம் பதிச்ச ரெசின் கீ-செயின் செஞ்சு விற்கணும், வர்ற காசில் ரோபோவுக்கு இரண்டு மோட்டார் வாங்கணும். எட்டுக் குழி வச்ச சிலிகான் அச்சு ஒன்று. ஐந்து தடவை ஊத்தினா நாற்பது கீ-செயின். கணக்கெல்லாம் சரியாத்தான் இருந்தது. ஆனா எட்டில் ஆறு குழியில் காற்றுக் குமிழி. மாஸ்டரை, அதாவது நாம நகல் எடுக்கிற மூல உருவத்தை, ஒட்டி நிற்கும் குமிழி அச்சில் ஒரு பள்ளமா பதிஞ்சிடும். ரெசின் அந்தப் பள்ளத்தை நிரப்பினா கடுகு அளவு பரு. நாற்பதில் முப்பது கீ-செயினுக்குப் பரு. பிளேடால் சீவி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சதில் பளபளப்பு போச்சு. பாதி விலைக்கு வித்தோம். ஒரு மோட்டார்தான் வந்தது.

அடுத்த மீட்டிங்கில் தீர்ப்பு ரெடி: "நம்மகிட்ட வாக்யூம் சேம்பர் இல்ல, அதான்." துறைத் தலைவருக்கு லெட்டர் எழுதியாச்சு, எல்லோரும் கையெழுத்துப் போட்டாச்சு, என்னைத் தவிர. ஏன் போடலைன்னு கேட்டவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. என் கட்சி இதுதான்: எங்க குமிழிப் பிரச்சினை கடையில் சிலிகான் வாங்கின அன்னைக்கே முடிவாயிடுச்சு. பம்ப் அதுக்கப்புறம் வர்ற விஷயம்.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் ஸ்டோக்ஸ் விதி படிச்சிருப்பீங்க. பரீட்சையோட அதை மறந்திருந்தாலும் பரவாயில்லை, இப்ப எடுங்க. ஒரு திரவத்துக்குள் குமிழி மேலே ஏறும் வேகம் அதன் ஆரத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதம், திரவத்தின் பாகுத்தன்மைக்கு எதிர் விகிதம். சிலிகான் டேட்டா ஷீட்டில் பாகுத்தன்மையை சிபிஎஸ் கணக்கில் போட்டிருப்பாங்க. தண்ணீருக்கு 1, விளக்கெண்ணெய்க்கு அறை வெப்பநிலையில் சில நூறிலிருந்து ஆயிரம் வரை. நாங்க வாங்கினது 20,000. அதில் 1 மி.மீ. விட்டமுள்ள குமிழி நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1.8 மி.மீ. ஏறும். 2 செ.மீ. ஆழ அச்சுன்னா பதினோரு நிமிஷம், தப்பிச்சிடும். 0.3 மி.மீ. குமிழிக்கோ அதே தூரம் ஏற இரண்டு மணி நேரம் ஆகும். எங்க சிலிகான் இறுக ஆரம்பிக்க இருந்த நேரம் அரை மணி. பாவம், அந்தக் குமிழி பாதி வழிகூடப் போயிருக்காது. அதே குமிழி 3,000 சிபிஎஸ் சிலிகானில் இருந்திருந்தா இருபது நிமிஷத்துக்குள்ள மேலே வந்திருக்கும்.

இந்த ஒரு எண்ணைப் பார்க்காமத்தான் நாங்க வாங்கினோம். ஆன்லைனில் "சாஃப்ட், ஈஸி டு யூஸ்"னு போட்டிருந்தது, ஆர்டர் போட்டோம். சாஃப்ட் என்பது இறுகின பிறகு ரப்பர் எவ்வளவு மெத்துனு இருக்கும் என்பதைச் சொல்லுது, அதை ஷோர் ஏ அளவில் தருவாங்க. ஊத்தும்போது எவ்வளவு தண்ணியா இருக்கும் என்பது வேற கணக்கு. இரண்டையும் குழப்பிக்காதீங்க. கீ-செயின் மாதிரி சின்ன வேலைக்கு ஷோர் ஏ 15 முதல் 25 வரை போதும். உள்வளைவு அதிகம்னா இன்னும் மெத்தையானது. டேட்டா ஷீட் கேட்டா தராத கடையில் வாங்காதீங்க. கெட்டியானதை வாங்கிட்டோமே, சிலிகான் ஆயில் கலந்து இளக்கலாமேன்னு தோணும். கலக்கலாம், ஆனா அதிகமாப் போனா ரப்பர் சுலபமா கிழியும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய அடுத்த கேள்வி டின்னா, பிளாட்டினமா என்பது. இதில் என் தோழி ஒருத்தி பட்ட பாடு எங்க கீ-செயினைவிடக் கொடுமை. பைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக ரெசின் 3டி பிரிண்டரில் ஒரு கியர் மாஸ்டர் எடுத்து, "பெஸ்ட் குவாலிட்டி"ன்னு பிளாட்டினம் சிலிகானை ஊத்தினா. மறுநாள் வெளியே கல்லு மாதிரி, உள்ளே மாஸ்டரைத் தொட்ட இடமெல்லாம் பிசுபிசுன்னு கஞ்சி. பல்லுக்குப் பல் துடைச்சு எடுத்ததில் இரண்டு பல் உடைஞ்சது. முழுசா இறுகாத பிரிண்டர் ரெசின், கந்தகம் கலந்த களிமண், லேடெக்ஸ் கையுறை, ஏன், முன்னாடி டின் சிலிகான் கலந்த கப்புகூட பிளாட்டினத்தை இறுக விடாது. மாஸ்டரின் அடியில் ஒரு சொட்டு வச்சுப் பார்த்திருந்தா ஒரு ராத்திரியில் தெரிஞ்சிருக்கும்.

டின் வகைக்கு இந்தத் தொல்லை குறைவு, விலையும் குறைவு. ஆனா இறுகும்போது ஆல்கஹால் வெளியேறுவதால் கொஞ்சம் சுருங்கும். சில வருஷத்தில் அச்சு நொறுங்க ஆரம்பிக்கும். சாக்லேட் அச்சுக்கு ஆகாது. கீ-செயினுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? என்னைக் கேட்டா நம்ம கிளப்புக்கு டின் போதும். கேட்டலிஸ்ட்டை மட்டும் சொட்டு எண்ணிப் போடாதீங்க. 200 கிராமுக்கு 3 சதவீதம்னா 6 கிராம். கிச்சன் தராசில் ஒரு கிராம் முன்னபின்ன ஆனாலே விகிதம் மாறிடும். 0.1 கிராம் காட்டுற தராசு வேணும்.

சரி, சிலிகான் சரியா வாங்கியாச்சு. இனி கைவேலை. முட்டை அடிக்கிற மாதிரி அடிக்காம, கப்போட ஓரத்தையும் அடியையும் வழிச்சு வழிச்சு மெதுவாக் கலக்குங்க. பிரஷ்ஷில் தொட்டு மாஸ்டர் மேல மெல்லிசா ஒரு பூச்சு. பரு வர்றது அந்த முதல் அரை மில்லிமீட்டரில்தான். அதில் குமிழி இல்லைன்னா மீதியில் இருந்தா கண்ணுக்கே தெரியாது. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவத்து மேல முதல்ல காவிரி வண்டலைத்தான் மெல்லிசாப் பூசுவாங்க, கரடுமுரடான மண் அதுக்கப்புறம்தான். காரணமும் இதேதான்: நுணுக்கத்தைப் பிடிக்கிறது முதல் பூச்சு.

அப்புறம் ஊத்துறது. டீ மாஸ்டர் உயரத் தூக்கி ஆத்தினா நுரை வரும். சிலிகானை உயரத் தூக்கி நூல் மாதிரி ஊத்தினா நுரை போகும்! அந்த மெல்லிய நூலில் குமிழி இழுபட்டு உடைஞ்சிடுது. அச்சுப் பெட்டியின் தாழ்வான ஒரு மூலையில் மட்டும் ஊத்துங்க, அதுவா பரவி மாஸ்டரை மூடட்டும். பி.ஓ.பி., மரம் மாதிரி நுண்துளை உள்ள மாஸ்டர்னா முன்னாடியே வார்னிஷ் அடிச்சிடுங்க. இல்லைன்னா அது மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும், நீங்க சிலிகானைத் திட்டிக்கிட்டே இருப்பீங்க. மே மாச மத்தியான ஒர்க்‌ஷாப்பில் ஊத்தாதீங்க, டேட்டா ஷீட்டில் போட்டிருக்கிற நேரம் 23, 25 டிகிரிக்கானது.

பம்ப்பே வேண்டாமான்னு கேட்டா, அப்படிச் சொல்ல மாட்டேன். 30,000 சிபிஎஸ்ஸுக்கு மேல் போனா, கண்ணாடி மாதிரி தெளிவான அச்சு வேணும்னா, அது இல்லாம முடியாது. அழுத்தத்தை முப்பதில் ஒரு பங்காக் குறைச்சா பாயில் விதிப்படி குமிழியின் கனஅளவு முப்பது மடங்காகும், ஆரம் மூணு மடங்கு, ஏறும் வேகம் பத்து மடங்குக்குப் பக்கம். அழகான ஃபிசிக்ஸ், மறுக்கலை. கலவை பொங்கி மூணு நாலு மடங்கு உயரும் என்பதால் பெரிய கப் வேணும். ஆனா பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரையும் ஊறுகாய் ஜாடியையும் வச்சு நாமளே செஞ்சிடலாம்னு ஒரு பேச்சு ஓடுதே, அதுக்கு நான் சத்தமாவே "வேண்டாம்" சொல்றேன். மெல்லிய கண்ணாடி உள்வாங்கி வெடிச்சா சிதறுறது சில்லுதான்.

போன மாசம் 3,000 சிபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு டின் சிலிகான் வாங்கினோம். காலையில் ஆறரைக்கு லேப்பைத் திறக்கச் சொல்லி, பிரஷ் பூச்சு போட்டு, நூலா ஊத்தினோம். எட்டுக் குழியில் ஒன்றில் மட்டும் குமிழி, அதுவும் பின்பக்கம், வளையம் மாட்டுற இடத்தில். அச்சு லேப் டிராயரில் இருக்கு, வந்து தொட்டுப் பார்த்துக்கலாம். அந்த லெட்டரும் அதே டிராயரில்தான் இருக்கு, என் கையெழுத்துக்கு விட்ட இடம் இன்னும் காலியா.