நீட் பாஸ் ஆயிட்டீங்களா? இன்னொரு விண்ணப்பம் பாக்கி இருக்கு!

நீட் மார்க் வந்ததும் சீட் தானாக வந்துடாது. அரசுக் கல்லூரிகளில் 15% அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு எம்சிசி தளத்தில் பதியணும். மீதி 85% இடங்களுக்கு தமிழக மருத்துவத் தேர்வுக் குழுவிடம் தனியாக விண்ணப்பிக்கணும்.

காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது, 2020-இல் வந்த 7.5% உள் ஒதுக்கீடு. இதில் இடம் கிடைத்தால் தனியார் கல்லூரியிலும் கட்டணத்தை அரசே ஏற்கும். ஆனால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கணும். (ஆர்டிஇ-யில் 8 வரை தனியார் பள்ளியில் படித்து, 9 முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் ஓகே.) அரசு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. ஒரே தெருவில், ஒரே வருமானத்தில் இருக்கும் இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு மட்டும் கதவு திறப்பது நெருடல்தான்.

பள்ளி மாறியிருக்கீங்களா? பழைய பள்ளியின் சான்றையும் இப்பவே வாங்கி வைங்க.