கால்வாயும் நம் கடைகளும்



நமது அத்திப்பட்டுக்குக் கிழக்கே கிடக்கும் பக்கிங்காம் கால்வாயை இன்று பலரும் சாக்கடை என்றே நினைக்கிறார்கள். சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கி, 1877–78 பஞ்சத்தில் பட்டினி கிடந்த மக்களுக்கு வேலை கொடுத்து நீட்டப்பட்ட நீர்வழி இது. நெல், உப்பு, விறகு எல்லாம் தோணியில் வந்து இறங்கிய வணிகப் பாதை. 2008இல் தேசிய நீர்வழி 4இன் ஒரு பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது.

சீரமைப்பு என்றாலே கரையில் நடைபாதை, பூங்கா, விளக்கு என்று திட்டம் போடுகிறார்கள். கிடங்கைப் பெருக்காமல் பெயர்ப் பலகைக்கு வண்ணம் அடிப்பதால் யாருக்கு லாபம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் இந்தக் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகம் வரை வந்து வீடுகளில் புகுந்ததை மறக்கலாமா? வெள்ளம் புகுந்தால் அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் போனதுதான். அந்த நஷ்டத்தை நமக்கு ஈடுகட்ட யாரும் இல்லை.

ஆகவே முதலில் எல்லைக் கல் நட வேண்டும். சேற்றையும் சாம்பலையும் அள்ளி ஆழப்படுத்த வேண்டும். கழிவு கலப்பதைத் தடுக்க வேண்டும். அழகுபடுத்துவது அதற்குப் பிறகு. கரையோரச் சிறு கடைகளை அகற்றுவதானால் மாற்றிடம் கொடுத்த பின்பே அகற்ற வேண்டும்.

கேட்கும் உரிமை வேண்டுமானால் நம் கை சுத்தமாக இருக்க வேண்டும். அழுகிய காய்கறியும் தெர்மாகோலும் பாலிதீன் பையும் நம் கடைகளிலிருந்தும் அங்கே போகின்றன. அதை இன்றே நிறுத்துவோம். அடுத்த கிராம சபையில் திரளாகக் கலந்துகொண்டு, இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுத்தில் பதிவு செய்வோம்!